மரபுத் துயில்காப்பு

குற்றாலத்து அருவியைப் பற்றி மேடையில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவர் முத்துக்குமாரசாமி. அதில் அவர் குளித்துப் பல வருடம் ஆகிறது. "ஊர்ப்பட்டவன் தேய்ச்ச எண்ணெயெல்லாம் என் மேலயா வந்து ஒட்டணும்?" என்பது வீட்டுக்குள் சொல்லும் காரணம். மேடையில் அதே தண்ணீருக்கு மூலிகைத் தீர்த்தம் என்று பேர்.

தென்காசியில் அவரைப் போல் சுத்தம் பார்க்கிறவர் கிடையாது. பால் பாக்கெட்டை மூன்று தண்ணீரில் அலசாமல் அடுப்படிக்குள் விடமாட்டார். பஸ்ஸில் உட்காரும் முன் சீட்டைக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்த பிறகு அந்தக் கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசுதேவநல்லூர் வரைக்கும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே போவார். வீட்டில் விருந்தாளி படுத்து எழுந்தால், அந்த ஆள் தெருமுக்கு திரும்புவதற்குள் மெத்தை விரிப்பை ஊறப் போட்டாக வேண்டும். விருந்தாளி பெரும்பாலும் அவர் மனைவி யோகலட்சுமியின் அண்ணன்.

அரசாங்க உத்தியோகம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரே குறை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. ‘ஓய்வு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அது பதவியா? பதவி செத்ததற்கான சான்றிதழ்.

இந்தச் சமயத்தில்தான் கௌரிசங்கர் கிளம்பி வந்தார். சென்னையில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். கடை படுத்துவிட்டது. அதற்குப் பிறகு மெத்தைக்கு எதிராகப் பேசிப் பிழைக்கிறார். யூடியூபில் அவர் நடத்துவது மரபுத் துயில் இயக்கம். "பாலியஸ்டர் கம்ஃபர்ட்டருக்குள்ள படுக்கிறவன் தூங்கல, தவணை முறையில சாகிறான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டுப் பெண்கள் உடுத்திப் பழகிய பருத்திச் சேலைகளை அடுக்கி, வீட்டிலேயே கையால் தைத்த போர்வைக்குள்தான் மனித உடம்பு தூங்குமாம். மற்றதில் எல்லாம் புரண்டு படுக்குமாம். இதைக் கேட்க லட்சம் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் படுத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

சாரலுக்குக் குற்றாலம் வருகிற கௌரிசங்கர், இயக்கத்துக்குத் தென்காசி மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நேரலையில் நியமிக்கப் போவதாக அறிவித்தார். யார் வீட்டுப் போர்வை உண்மையான மரபோ, அவருக்கே பதவி. போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் முத்துக்குமாரசாமி. இன்னொருவர் செங்கோட்டை விஜயசங்கர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் ஒரு போர்வையைத் தைத்து, அதன் மேல் தானும் பேரனும் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸப்பில் போட்டுவிட்டார். படத்தைப் பெரிதுபடுத்திப் பெரிதுபடுத்திப் பார்த்த முத்துக்குமாரசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதல் வேலையாக அவர் அந்தப் பொருளுக்கு ஒரு பெயர் கண்டுபிடித்தார். ‘துயில்காப்பு’. பெயர் வைத்ததுமே பாதி தைத்துவிட்ட களைப்பு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏட்டி யோகம், உன் பழைய பருத்திச் சேலையெல்லாம் எடுத்துப் போடு. ஒரு எட்டு சேலை வேணும்."

"எந்தப் பருத்திச் சேலை?"

"நீ உடுத்துனதுதான்."

"நான் பருத்தி உடுத்தி எத்தனை வருசம் ஆச்சு? வீட்டுல நைட்டி, வெளிய போனா சிந்தெட்டிக்கு. கஞ்சி போட்டுத் தேய்ச்சா கரண்டு செலவாவுதுன்னு சொன்னது யாரு?"

"பழசு இருக்கும்லா?"

"இருந்துது. பாத்திரக்காரன்ட்ட போட்டு இட்லிக் கொப்பரை வாங்கியாச்சு. வேணும்னா கொப்பரையைப் போர்த்திக்கிடுங்க."

அவர் தங்கை முத்துவடிவுக்குப் போன் போட்டார். அங்கே சேலைகள் பிளாஸ்டிக் வாளியாகவும் முக்காலியாகவும் மாறியிருந்தன. தெருவில் கேட்கலாம் என்றால் செய்தி செங்கோட்டைக்குப் போய்விடும். தவிர, அடுத்த வீட்டுக்காரி உடுத்திய சேலையா? நினைத்ததுமே எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"நைட்டியை வச்சித் தைக்கட்டா? எட்டு கிடக்கு. மரபு நைட்டின்னு சொல்லிருங்க" என்றாள் யோகலட்சுமி.

அவர் குடையை எடுத்துக்கொண்டு, கௌரிசங்கர் தங்கப்போகும் லாட்ஜைப் பார்த்துவர குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே சிப்ஸ் கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் இடத்தில் அவர் கண்ட காட்சி அவரை நிறுத்திவிட்டது. கயிறு கயிறாகச் சேலைகள். நைந்து, நிறம் மங்கி, பஞ்சுபோல் தொங்கிக்கொண்டிருந்த பருத்திச் சேலைகள். கீழே ஒரு குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து குருவம்மாள் என்கிற பெண் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இதெல்லாம் விலைக்கா?"

"விலைக்குத்தான் அண்ணாச்சி. ஒர்க்‌ஷாப்காரங்க எடுப்பாங்க, வண்டி தொடைக்க."

"வண்டி துடைக்கவா? அட பாவிகளா! யாரு உடுத்துனது இது?"

"எல்லாம் நல்ல குடும்பத்துப் பொம்பளையாளுவதான். மதுரையில இருந்து வாராங்க, திருச்சியில இருந்து வாராங்க. கார்லதான் வாராங்க."

"அருவித் தண்ணியில நனைஞ்சதா?"

குருவம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்க. அருவியில முங்காத சேலை எங்கிட்ட எப்படி வரும்?"

நல்ல குடும்பத்துப் பெண்கள் இத்தனை பேர் காரில் வந்து, கட்டின சேலையை அருவிக்கரையில் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. தென்காசியில் ஆட்டோ ஓட்டுகிறவர்கூட அதைக் கேட்டிருப்பார். இல்லை, பதில் தெரிந்து கேட்காமல் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பார். முத்துக்குமாரசாமிக்கு அது தோன்றவில்லை. மூலிகைத் தீர்த்தம் என்று ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களில் கடைசி ஆளாக அவரே அதை நம்பிவிட்டிருந்தார். மூலிகைத் தீர்த்தத்தில் முங்கிய, நல்ல குடும்பத்துப் பருத்தி! விஜயசங்கரின் போர்வை முங்கியது செங்கோட்டை முனிசிபல் தண்ணீரில்தானே?

ஒரு சேலையை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மென்மை. மூக்கில் வைத்து ஆழ இழுத்தார்.

"மூலிகை வாசம்!"

"அது பாசி வாடை அண்ணாச்சி" என்றாள் குருவம்மாள்.

எட்டு சேலையும் ஒரு மூட்டையாக வீட்டுக்கு வந்தது. டெட்டால் ஊற்றி வேகவைக்கச் சொன்னார் முத்துக்குமாரசாமி. "மூலிகை போயிராதா?" என்று யோகலட்சுமி கேட்டதற்கு, "மூலிகை போகாது. கிருமி மட்டும் போகும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கொல்லையில் அண்டாவில் வெந்தது. தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமாகி, பிறகு எந்த நிறம் என்று சொல்லமுடியாததாக ஆனது. மேலே எண்ணெய் ஏடாக மிதந்தது. அதில் ஒரு கொண்டை ஊசி, இரண்டு ஸ்டிக்கர் பொட்டு, சுருண்டு கிடந்த நரைமுடி, யாரோ குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. யோகலட்சுமி கம்பால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்ததால் சேலைகள் காயவும் இல்லை. கொடியில் கிடந்து முக்கல் நாற்றம் எடுத்தன. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் நாற்றம் ஆவியாகக் கிளம்பி வீடு முழுக்கச் சுற்றியது. முத்துக்குமாரசாமி மாடிக்குப் போய்விட்டார். அங்கே கண்ணாடி முன்னால் நின்று ஏற்புரை பழகவேண்டியிருந்தது.

மூன்றாவது சேலையைத் தேய்க்கும்போது முந்தியில் ஒரு முடிச்சு தட்டியது. இஸ்திரிப் பெட்டி ஏறவில்லை. நகத்தால் துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக எள்ளு. வெந்து, உப்பி, பிசுபிசுத்துப் போயிருந்தது. அடுத்த சேலையைப் பார்த்தாள். அதிலும். அதற்கடுத்ததிலும்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஆடி அமாவாசை போன வாரம்தான் போயிருந்தது. அருவியில் திதி கொடுக்க வருகிறவர்கள், தோஷம் கழிக்க வருகிறவர்கள், சனி பிடித்தவர்கள், செவ்வாய் பிடித்தவர்கள் எல்லாம் முந்தியில் எள்ளை முடிந்து, கட்டின துணியோடு முங்கி, பீடையைத் துணியோடு சேர்த்து அங்கேயே உரிந்து போட்டுவிட்டு, மாற்றுத்துணி உடுத்தித் திரும்பிப் பாராமல் போவார்கள். ஊரான் விட்டெறிந்த பீடை எட்டு முழுசாக இப்போது தன் வீட்டு ஹாலில் இஸ்திரி போட்டுக் கிடக்கிறது.

மாடிக்கு ஏறிப் போனாள்.

"ஏங்க, இந்தச் சேலையை யாருட்ட வாங்குனீங்க?"

"குற்றாலத்துல. தீர்த்தத்துல ஊறுனது."

"ஊறுனது தெரியுது. இந்த முந்தியைக் கொஞ்சம் பாருங்க..."

"முந்தி பிந்தி எல்லாம் நீ பாத்துக்க. தையல் உன் துறை, சிந்தனை என் துறை."

"சிந்திக்கதுக்கு முந்தி ஒரு நிமிசம் கேளுங்களேன்."

"நாளைக்குக் காலையில அவரு வந்துருவாரு. விஜயசங்கர் ரெண்டாவது ஒண்ணும் தச்சிட்டானாம். நீ இங்கன வந்து நின்னு முந்தியைக் காட்டிட்டு இருக்கே!"

"சரி. பிறகு நான் சொல்லலைன்னு சொல்லப்படாது."

"நீ சொல்லாம இருந்தாலே போதும். போ."

போனாள். சமையலறை ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். முடிச்சுகளை அவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அவிழ்த்தால் எள்ளு வீட்டுக்குள் கொட்டும். கொட்டினதைப் பெருக்க வேண்டியவளும் அவள்தான். எட்டு சேலையையும் கட்டில் அளவுக்கு மடித்துத் தரையில் அடுக்கி, முடிச்சுள்ள ஓரங்களை மூலைக்கு ஒதுக்கி, கோணி ஊசியில் தடி நூல் கோத்துச் சாண் இடைவெளியில் கட்டம் கட்டமாக இழையோட்டினாள். ஓரத்தை மட்டும் மிஷினில் விட்டாள். அந்தக் கனத்துக்கு மிஷின் ஊசி பட் பட்டென்று ஒடிந்தது. "உனக்கே பொறுக்கல பாரு" என்றாள் மிஷினிடம்.

நடுவில் முத்துக்குமாரசாமி போட்டோவுக்காக இறங்கி வந்து ஒரே ஒரு தையல் போட்டார். விரலில் ஊசி குத்திவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். ‘என் குருதியும் கலந்த துயில்காப்பு’ என்று ஏற்புரையில் ஒரு வரி கூடியது.

மறுநாள் காலை, பேசிவைத்தபடி நேரலைக்கு முத்துக்குமாரசாமியின் வீட்டுக்கே கௌரிசங்கர் வந்தார். கதர் ஜிப்பா, மரமணி மாலை, பின்னால் ஒரு கேமராக்காரர். அவருக்கும் முன்னால் விஜயசங்கர் வந்து, தன் இரண்டு போர்வைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார், பெண் பார்க்க வந்த இடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி. நேரலை தொடங்கியது.

விஜயசங்கரின் போர்வைகளைக் கௌரிசங்கர் தடவிப் பார்த்து, "நல்ல முயற்சி" என்றார். தலைமையாசிரியராக இருந்தபோது தோற்ற பையன்களிடம் விஜயசங்கர் சொல்லிவந்த அதே சொல். அவர் முகம் சுருங்கியது.

பிறகு முத்துக்குமாரசாமி துயில்காப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அருவி, மூலிகை, குருதி எல்லாம் வரிசையாகச் சொன்னார். கேட்கக் கேட்கக் கௌரிசங்கரின் கண் தானாக மூடியது. போர்வையை வாங்கித் தோளோடு சுற்றிக்கொண்டார். முகத்தைப் புதைத்து, நெஞ்சு புடைக்க மூச்சை இழுத்தார்.

"நேயர்களே, இது துணி வாசனை இல்லை. தாய் வாசனை. ஒரு நிமிஷம்... இது என்ன, மூலையில ஏதோ கட்டி கட்டியா இருக்கே?"

முத்துக்குமாரசாமிக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"மூலிகைப் பொதி" என்றார். "எங்கள் குடும்ப மரபு. பரம்பரை பரம்பரையாக வைத்துத் தைப்போம்."

"ஆஹா! என்ன மூலிகை சார்?"

"யோகம், ஐயாவுக்குச் சொல்லு."

கதவோரம் நின்றிருந்த யோகலட்சுமி சொன்னாள்: "எள்ளு."

"எள்ளா? எள்ளு எதுக்கும்மா?"

"அந்த முடிச்சு நான் போட்டதில்லீங்க. சேலையை விட்டுட்டுப் போனவங்க முடிஞ்சது."

சோபாவில் விஜயசங்கர் மெல்ல நிமிர்ந்தார். சுருங்கிய முகம் பூரித்துக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி! ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில உரிஞ்சி போடுத சேலையா? திதி குடுத்த சேலை, தோசம் கழிச்ச சேலை! அதையாவே அள்ளிட்டு வந்து தச்சீரு?" சந்தோஷத்தில் மரியாதை பாதியிலேயே கழன்றுவிட்டது. "சார், அது செத்தவங்க பேரைச் சொல்லி விட்ட துணி சார். ஊருல பிச்சைக்காரன்கூடத் தொடமாட்டான்."

கௌரிசங்கரின் கண் திறந்தது. போர்வை தோளிலிருந்து விழுந்தது. விழுந்தது என்பதைவிட, அவர் தோள் அதிலிருந்து தப்பித்தது. இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தண்ணி... சானிடைசர் இருக்கா?" என்று கேமராவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

முத்துக்குமாரசாமியின் காதில் அது விழவே இல்லை. அவர் கை தன் கன்னத்துக்குப் போயிருந்தது. குற்றாலத்தில் வைத்துத் தேய்த்த கன்னம். மூக்கில் வைத்து இழுத்தது வேறு நினைவுக்கு வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தையும் மூக்கையும் அழுத்தி அழுத்தித் துடைத்தார். சொந்த மச்சான் படுத்த விரிப்பைத் தொடாதவர், யாரென்றே தெரியாத எட்டுப் பேரின் பீடையை முகர்ந்துவிட்டு வந்திருக்கிறார். காசு கொடுத்து.

"சார், லைவ் ஓடிட்டிருக்கு. பதினோராயிரம் பேர்" என்றார் கேமராக்காரர்.

பதினோராயிரம் என்றதும் கௌரிசங்கரின் கண் மறுபடி மூடிக்கொண்டது. தொழில் என்றால் அது தொழில். குரல் கீழே இறங்கி, தழுதழுத்து வந்தது.

"நேயர்களே... என் உடம்பு சிலிர்த்ததைப் பார்த்தீங்க. நான் பயந்துட்டேன்னு சிலர் நினைக்கலாம். அது பயமில்லை. முன்னோர்கள் என்னைத் தொட்டாங்க! பாலியஸ்டர்ல முன்னோர் வருவாங்களா? வரமாட்டாங்க. இது சாதாரணத் துயில்காப்பு இல்லை. முன்னோர் துயில்காப்பு! உலகத்துலயே முதல் முறையா, தென்காசியில!"

விஜயசங்கரின் வாய் திறந்தபடி நின்றது.

"இந்த வீட்டுப் பெரியவரையே மாவட்ட ஒருங்கிணைப்பாளரா அறிவிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மண்டலம் இவர் இதைப் போர்த்திப் படுக்கணும். தினமும் அதை நாம நேரலையில பார்ப்போம். நானே போர்த்தியிருப்பேன், ஆனா நான் வெளியூர். இந்த மண்ணுல பிறந்தவங்கதான் போர்த்தணும். அதுதான் மரபு."

"கொஞ்ச முந்தி அவருதான சுத்தியிருந்தாரு?" என்று யோகலட்சுமி பொதுவாகக் கேட்டாள்.

முத்துக்குமாரசாமி தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தார். ஈரம் முழுதாகப் போகாமல், வேகவைத்த ஏதோ ஒரு பிராணியின் தோல்போலக் கிடந்தது. தைத்த இடங்களில் நூலைச் சுற்றி மஞ்சளாக எண்ணெய் கசிந்திருந்தது. தொண்டையைச் செருமினார். "ஐயா, பதவியை ஏற்பதில் எனக்கு... அந்தப் போர்த்துவது மட்டும்... உடல்நிலை காரணமாக..." என்று இழுத்தார்.

அதற்குள் விஜயசங்கர் எழுந்துவிட்டார். "அண்ணாச்சிக்குச் சங்கடம்னா நான் போர்த்திக்கிடுதேன் சார். நானும் இந்த மண்ணுதான். செங்கோட்டை என்ன வெளிநாடா?" மடியிலிருந்த இரண்டு போர்வையும் கீழே விழ, எள்ளுப் போர்வையை நோக்கிக் குனிந்தார். பிச்சைக்காரன்கூடத் தொடமாட்டான் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இந்தக் குனிவு. அவர் கை ஓரத்தைப் பற்றியும்விட்டது.

"விடுமய்யா!" என்று பாய்ந்தார் முத்துக்குமாரசாமி. "எங்க குடும்ப மரபு அது!"

"ஒமக்குத்தான் கொமட்டுதுல்லா?"

"யாருக்குவே கொமட்டுது? எனக்கா?"

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெரிய உத்தியோகஸ்தரும் ஒரு தலைமையாசிரியரும். மூலையில் தையல் விட்டு, ஊறிய எள்ளு ஒரு கை அளவு முத்துக்குமாரசாமியின் வேட்டி மேல் வழிந்தது. அவர் விடவில்லை. உடல் பலத்தால் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விட்டார்.

கேமராக்காரர் பின்னாலேயே போனார். முதல் நாள் நேரலையை உடனே எடுத்துவிடலாம் என்று கௌரிசங்கர் வாசல்படியில் நின்றபடி சொன்னார். உள்ளே காலை வைக்கவில்லை. முத்துக்குமாரசாமி கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். போர்வையைக் காலிலிருந்து மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டார். இடுப்பு வரை வந்ததும் கை நின்றது. அங்கிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அம்மாவும் பக்கத்துல படுக்கலாமே? குடும்பமா இருந்தா நல்லா இருக்கும்" என்றார் கௌரிசங்கர்.

"எனக்குப் பதவி ஒண்ணும் இல்லீங்களே" என்றாள் யோகலட்சுமி. ஹாலில் சிதறிய எள்ளைக் கூட்ட விளக்குமாற்றைத் தேடிப் போனாள்.

கேமராக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கோணம் பார்த்தார். கமெண்டில் கும்பிடும் கைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ‘ஐயாவுக்கு வாழ்த்துகள்’, ‘எங்களுக்கு ஒன்று கிடைக்குமா, விலை என்ன’ என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போயின. முத்துக்குமாரசாமியின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. எள்ளாக இருக்கலாம், முடியாக இருக்கலாம். தட்டிவிடக் கையை வெளியே எடுக்கவேண்டும், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல சார்" என்றார் கௌரிசங்கர் வாசலிலிருந்து. "மூக்கு வரைக்கும் இழுத்துக்குங்க. அப்பதான் உணர்வு வரும். அப்படித்தான். இப்ப கொஞ்சம் சிரிங்க, ஒருங்கிணைப்பாளர் ஐயா."

இழுத்துக்கொண்டார். சிரிக்கவும் சிரித்தார், வாயை மட்டும் திறக்கவில்லை.